குடும்பத்துக்குப் பெரிய செடான் வாங்கலாமா? பின்சீட்டிலிருந்து தொடங்கி மதிப்பிடும் முறை

எஸ்யூவி மேல் ஊரே மோகம் கொண்டிருக்கும் இந்த நேரத்தில் செடான் கேட்டு ஷோரூமுக்குப் போனால், விற்பனையாளரே ஒரு மாதிரி பார்ப்பார். ஆனால் அப்பா அம்மாவோடு, பிள்ளைகளோடு, வாரம் முழுக்க நகரத்திலும் மாதம் ஒருமுறை நெடுஞ்சாலையிலும் ஓட்டும் குடும்பத்துக்கு நல்ல செடான் தரும் சொகுசு இன்றும் தனிதான். உயரம் குறைவு என்பதால் வளைவில் உடம்பு ஆடாது, பின்சீட்டில் இருப்பவருக்குத் தலை சுற்றாது, சாமானும் தனி டிக்கியில் மூடியபடி இருக்கும்.

ஒரு காலத்தில் கரோலா ஆல்டிஸ், சிவிக், ஆக்டேவியா, எலான்ட்ரா, அக்கார்ட், சூப்பர்ப் என்று வரிசையாக நின்ற சந்தை இப்போது சுருங்கிவிட்டது. புதிதாக வாங்குவதென்றால் ஹோண்டா சிட்டி, ஹூண்டாய் வெர்னா, ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா என்ற நடுத்தர அளவு நால்வர் இருக்கிறார்கள். அதற்கு மேல் பார்த்தால் எங்கோ உயரத்தில் டொயோட்டா கேம்ரி. நடுவில் இருக்கும் பெரிய பள்ளத்தைப் பழைய கார்தான் நிரப்புகிறது. ஆகவே நிறையப் பேர் முன் இருக்கும் கேள்வி இதுதான்: புது நடுத்தர செடானா, நான்கைந்து வருடம் ஓடிய பெரிய செடானா? எதுவானாலும் மதிப்பிடும் முறை ஒன்றே. வண்டியை ஓட்டுபவர் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முழுக் குடும்பமும் ஏறி உட்கார்ந்த நிலையில்தான் அதன் உண்மையான குணம் தெரியும்.

1. ஷோரூம் போகும் முன் அளவு நாடா

முதலில் வீட்டு வாசலை அளந்து பாருங்கள். கேம்ரியின் நீளம் 4.92 மீட்டர், அகலம் கண்ணாடிகள் இல்லாமலே 1.84 மீட்டர். சிட்டி, வெர்னா, விர்டஸ், ஸ்லாவியா நான்கும் 4.6 மீட்டருக்குள், அகலம் 1.75 மீட்டரை ஒட்டி. அடுக்குமாடியில் உங்களுக்கு ஒதுக்கிய இடம் 5 மீட்டர் நீளம் என்றால் கேம்ரி நிறுத்தியபின் மிஞ்சுவது 8 சென்டிமீட்டர். பக்கத்தில் தூண் இருந்தால் பின்கதவை முழுசாகத் திறக்க முடியுமா என்று பாருங்கள். வயதானவர் இறங்கக் கதவு அகலமாகத் திறந்தாக வேண்டும்.

கேட்டுக்கு முன் இருக்கும் சரிவையும் கவனியுங்கள். தெரு மட்டத்திலிருந்து செங்குத்தாக ஏறி உடனே சமதளமாகும் சரிவில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே நீளம் அதிகமுள்ள வண்டிக்கு நடுவயிறு இடிக்கும். முன்பம்பர் தப்பினாலும் இது தப்பாது. டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே வரச் சொல்லி அந்தச் சரிவில் ஏற்றிப் பார்ப்பதுதான் ஒரே வழி. ஷோரூம்காரர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.

2. பின்சீட்டு

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். முன்சீட்டை ஓட்டுபவரின் உயரத்துக்குச் சரி செய்துவிட்டு, அதற்குப் பின்னால் வீட்டில் உயரமானவரை உட்கார வையுங்கள். ஷோரூமில் முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளி வைத்துவிட்டு 'பாருங்க சார், எவ்வளவு இடம்' என்பார்கள். அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் அப்பாவையோ அம்மாவையோ ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது, நான்கு தடவையாவது. செடான் சீட்டு தாழ்வாக இருக்கும். உட்காருவது எளிது, எழுந்து வெளியே வருவதுதான் கஷ்டம். முழங்கால் வலி உள்ளவருக்கு சீட்டின் முன்விளிம்பு முழங்காலுக்கு மிகக் கீழே இருந்தால் ஒவ்வொரு தடவையும் யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும். கூரை பின்னால் சரிந்து இறங்குவதால் தலை இடிக்கிறதா, புடவை கட்டியவர் காலை உள்ளே எடுக்கும்போது கதவுக்குக் கீழுள்ள பட்டையில் துணி உரசுகிறதா என்பதெல்லாம் விவரப் புத்தகத்தில் வராது. அம்மா 'வேண்டாம்பா, இது ஏறவே முடியல' என்றால் அந்த மாடலை அங்கேயே விட்டுவிடுங்கள். மற்ற எந்தச் சிறப்பும் அதை ஈடு செய்யாது.

அடுத்தது மூன்று பேர் உட்காரும் சோதனை. விர்டஸ், ஸ்லாவியா இரண்டிலும் நடுவில் தரை மேடாக எழும். நடுவில் இருப்பவர் காலை இரண்டு பக்கமும் அகட்டி வைக்க வேண்டும். குழந்தைக்குப் பரவாயில்லை, பெரியவருக்கு நெடுந்தூரம் ஆகாது. வெர்னா கொஞ்சம் அகலம் கூடியது. உண்மையில் மூன்று பெரியவர்கள் நிம்மதியாக உட்கார வேண்டும் என்றால் கேம்ரி, சூப்பர்ப் அளவுக்குப் போனால்தான் முடியும். பழைய பெரிய செடானுக்கு ஆதரவாக நான் சொல்லும் முதல் காரணம் இது.

தொடைக்கு சீட்டு எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பாருங்கள். நடு இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட், தலை தாங்கி இருக்கிறதா, பின்பக்க ஏசி துளை யார் மேல் காற்றடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். குழந்தை இருக்கை வைத்திருப்பவர்கள் அதைக் கையோடு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். அது ஏறியபின் பக்கத்தில் பாட்டி உட்கார இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இதெல்லாம் முடிந்ததும் இருபது நிமிடம் எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடத்தில் தெரியாத இடுப்பு வலி இருபதாவது நிமிடத்தில் சொல்லிவிடும்.

3. டிக்கி

சிட்டி 506 லிட்டர், ஸ்லாவியாவும் விர்டஸும் 521, வெர்னா 528. இந்த வித்தியாசம் நடைமுறையில் ஒன்றுமில்லை. டிக்கியின் வாய் எவ்வளவு அகலம், அரிசி மூட்டையை எவ்வளவு உயரம் தூக்கி உள்ளே இறக்க வேண்டும், மூடும்போது கதவின் வளைந்த கம்பி பெட்டியை நசுக்குகிறதா என்று பாருங்கள். வீட்டில் சக்கர நாற்காலி இருந்தால் கட்டாயம் மடித்து வைத்துப் பார்க்க வேண்டும். சிட்டி ஹைப்ரிட் (பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள வகை) பார்ப்பவர்கள் இன்னும் கவனம்: பேட்டரி டிக்கியில் கணிசமான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஸ்டெப்னி மற்ற சக்கரங்களின் அதே அளவா, சிறியதா என்றும் கேளுங்கள்.

4. டெஸ்ட் டிரைவ்: உங்கள் பாதை, முழு பாரம்

ஷோரூம்காரர் காட்டும் அகலமான சாலையில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் தினமும் போகும் பாதையில், நெரிசல் நேரத்தில், ஐந்து பேரோடு ஓட்ட வேண்டும்.

பாரம் ஏன் முக்கியம்? ஸ்லாவியாவின் தரை இடைவெளி பாரமில்லாதபோது 179 மில்லிமீட்டர். முழு பாரம் ஏற்றினால் சுமார் 145. நம் ஊரில் தெருக்காரர்களே போட்டுக்கொள்ளும் வேகத்தடைகளுக்கு எந்த அளவும் கிடையாது. தனியாகப் போகும்போது தாண்டிய தடையில் குடும்பத்தோடு போகும்போது அடி தட்டும். விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் பாரமில்லாத எண் என்பதை நினைவில் வையுங்கள். தெருமுனைத் தடையில் நேராகவும் கொஞ்சம் சாய்வாகவும் ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

அடுத்து மேம்பாலம். நடு ஏற்றத்தில் நின்று, ஏசி முழுக்க ஓட, ஐந்து பேரோடு மறுபடி கிளம்ப வேண்டும். சிட்டியின் 1.5 லிட்டர் சாதாரண பெட்ரோல் என்ஜினுக்கு இழுவிசை 145 நியூட்டன் மீட்டர். அதுவும் என்ஜின் வேகமாகச் சுற்றினால்தான் முழுசாகக் கிடைக்கும். விர்டஸின் 1.0 டர்போ 178 நியூட்டன் மீட்டரைக் குறைந்த சுற்றிலேயே தருகிறது, 1.5 டர்போ 250. காகிதத்தில் குதிரைத்திறனை ஒப்பிடுபவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். ஊரில் ஓட்டும் குடும்ப வண்டிக்குக் குறைந்த சுற்றில் கிடைக்கும் இழுவைதான் தேவை. ஏற்காடு, கொல்லிமலை என்று மலையேறும் பழக்கம் இருந்தால் இன்னும் அதிகம். ஆனால் சிட்டியின் என்ஜின் மென்மையானது, பராமரிக்க எளிது. சமவெளியில் நிதானமாக ஓட்டுபவருக்கு அது போதும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் நிறையப் பேர் பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். வகைகள் வேறு வேறு. விர்டஸ், ஸ்லாவியா 1.0-இல் இருப்பது டார்க் கன்வெர்ட்டர்: ஊர்ந்து போகும் நெரிசலில் பொறுமையாக வேலை செய்யும். அதே வண்டிகளின் 1.5-இலும் வெர்னா டர்போவிலும் இருப்பது இரட்டை கிளட்ச்: நெடுஞ்சாலையில் அருமை, நகர்ந்து நகர்ந்து நிற்கும் நெரிசலில் சிறு உலுக்கல் தரும், கிளட்சும் சூடாகும். சிட்டியில் சிவிடி: உலுக்கலே இருக்காது, அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பிறகு வரும். தினமும் ஒரு மணி நேரம் நெரிசலில் நிற்பவருக்கு நான் இரட்டை கிளட்சைப் பரிந்துரைக்க மாட்டேன். கால் மணி நேரமாவது நெரிசலில் ஓட்டாமல் கியர்பாக்ஸைப் பற்றி முடிவு செய்ய வேண்டாம்.

ஏசி சோதனைக்கு மதியம் போங்கள். வண்டி வெயிலில் நின்றிருக்க வேண்டும். பின்சீட்டில் இருப்பவர் 'சரி, குளிர்ந்துவிட்டது' என்று சொல்ல எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். முடிந்தால் இருட்டிய பிறகும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தெருவிளக்கு இல்லாத இடத்தில் முகப்பு விளக்கு எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு இரவுப் பயணம் போனவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

5. பாதுகாப்பு

வண்டிகளை மோதவிட்டு மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் விர்டஸும் ஸ்லாவியாவும் 2023 ஏப்ரலில் 5 நட்சத்திரம் பெற்றன. வெர்னா அதே ஆண்டு அக்டோபரில் 5 நட்சத்திரம் பெற்றது. நட்சத்திரம் சமம் என்றாலும் அறிக்கையை உள்ளே போய்ப் படியுங்கள். முதல் இரண்டின் உடல்கூடு நிலையானது என்று மதிப்பிடப்பட்டது, வெர்னாவுடையது அப்படி மதிப்பிடப்படவில்லை. இதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, எனக்கு அது முக்கியம். எந்த வண்டியானாலும் பின்சீட்டில் பெல்ட் போடாவிட்டால் இந்த நட்சத்திரங்களுக்குப் பொருள் இல்லை. பெல்ட்டின் கொக்கி சீட்டுக்குள் புதைந்து கிடந்தால் பெரியவர்கள் தேடிப் போட மாட்டார்கள், அதையும் பாருங்கள்.

6. பணக் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியது. 4 மீட்டருக்கு உட்பட்ட சிறு கார்களுக்கு 18 சதவீதம், இந்த செடான்கள் போன்ற பெரிய கார்களுக்கு 40. கேட்கப் பெரிதாக இருந்தாலும் முன்பு 28 சதவீதத்துக்கு மேல் தனி மேல்வரியும் சேர்ந்து இதைவிட அதிகமாக இருந்தது. ஷோரூம் விலைக்குள் இது அடங்கிவிடும். அதற்கு மேல் வருவதுதான் தமிழ்நாட்டின் ஆயுள் வரி: 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 1 சதவீதம் வருமான வரிப் பிடித்தமும் உண்டு. அது உங்கள் பான் எண்ணில் வரவாகும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டுப் பெறலாம். நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஷோரூம் விலை 18 லட்சம். ஆயுள் வரி 3.24 லட்சம். காப்பீடு, பதிவு எல்லாம் சேர்த்து ஆன்ரோடு 22 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் கழித்து 9 லட்சத்துக்கு விற்கிறீர்கள். கையை விட்டுப் போனது 13 லட்சம். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 60,000. லிட்டருக்கு 12 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் எரிபொருள் 5 லட்சம். சர்வீஸ், டயர், அடுத்தடுத்த காப்பீடு வருடத்துக்கு 60,000 வீதம் 3 லட்சம். ஆக 21 லட்சம், கிலோமீட்டருக்கு 35 ரூபாய். கடன் வட்டி தனி.

எண்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் விகிதத்தைப் பாருங்கள். பெரும்பகுதி மதிப்பிறக்கத்திலும் வரியிலும் போகிறது. மைலேஜ் 12-க்குப் பதில் 14 கிடைத்தால் ஐந்து வருடத்தில் மிச்சமாவது 71,000 ரூபாய்தான். மைலேஜுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்பவர்கள், அதே மாடல் ஐந்து வருடப் பழையது இன்று என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு நாள் தேடிப் பார்த்தால் அதைவிடப் பெரிய தொகை அங்கே தெரியும்.

அறிவிக்கப்பட்ட மைலேஜ் எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேம்ரிக்கு 25.49 என்று போட்டிருப்பார்கள். அந்தச் சோதனை ஆய்வகத்தில் உருளைகள் மேல், ஏசி இல்லாமல், மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டாமல் நடக்கிறது. வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் அது உதவும். ஏற்கெனவே அந்த வண்டி வைத்திருப்பவரிடம் 'டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி' எடுத்த கணக்கைக் கேளுங்கள். டேஷ்போர்டு காட்டும் எண்ணை அல்ல.

ஹைப்ரிட் நெரிசலில்தான் தன் திறமையைக் காட்டும். சிக்னலில் என்ஜின் நின்றிருக்க, ஏசி பேட்டரியில் ஓடும். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மின்சாரம் திரும்பி வரும். நகரத்துக்குள் அதிகம் ஓட்டுபவருக்கு நல்ல முதலீடு. வாரக் கடைசியில் மட்டும் நெடுஞ்சாலை போகிறவர் கூடுதலாகக் கொடுத்த விலையைத் திரும்ப எடுக்க வெகு காலமாகும்.

7. பழைய பெரிய செடான் என்றால்

இதில் ஒரு நல்ல லாபம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிவான வண்டிக்கு முதல் உரிமையாளர் கட்டிய ஆயுள் வரி வண்டியோடு வருகிறது. பெரிய மதிப்பிறக்கத்தையும் அவரே ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் உதிரி பாகங்களின் விலை இறங்குவதில்லை. வாங்கிய விலை பாதியானாலும், முகப்பு விளக்கும் சஸ்பென்ஷனும் புது கேம்ரி, புது சூப்பர்பின் உதிரி பாக விலைக்கே கிடைக்கும். ஆகவே வாங்கும் பணத்துக்கு மேல் ஒரு தொகையை முதல் வருடப் பராமரிப்புக்கென்று தனியாக வைத்திருந்தால்தான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

கேம்ரி ஹைப்ரிடில் கவலை பேட்டரி மேல்தான். 2021 ஆகஸ்ட் முதல் டொயோட்டா ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகிறது. அதற்கு முந்தைய வண்டி என்றால் அதிகாரப்பூர்வ சர்வீஸ் மையத்தில் பேட்டரியைச் சோதித்து அறிக்கை வாங்கிய பிறகே பேச்சு. பின்சீட்டுக்குக் கீழே பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை இருக்கும். அது தூசியால் அடைத்துக் கிடந்தால் பழைய உரிமையாளர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது புரிந்துவிடும்.

சூப்பர்ப் வாங்குபவர்கள் எந்த கியர்பாக்ஸ் என்று கேட்காமல் வாங்கக் கூடாது. 2016-இல் வந்த 1.8 பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் உலர் கிளட்ச். 2.0 டீசலிலும் 2020-க்குப் பிந்தைய 2.0 பெட்ரோலிலும் எண்ணெயில் இயங்கும் கிளட்ச், அது நெரிசலைத் தாங்கும். ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும். பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை வண்டிக்கு வெள்ளச் சோதனை கட்டாயம். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ கார்கள் முழுகின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டு நகரும் தண்டவாளத்திலும் திருகாணிகளிலும் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் இருக்கிறதா என்று பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதுவே ஒரு எச்சரிக்கை. டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் நான்கு டயர் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

வெளிமாநில வண்டி மலிவாகக் கிடைக்கும். டெல்லியில் இருந்த 10 வருட டீசல் கட்டுப்பாட்டால் நல்ல பெரிய செடான்களும் இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. தடையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, மறுபடி கட்டும் வரி எல்லாம் சேர்த்தபின் உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள். முன்பு கட்டிய வரியை அந்த மாநிலத்தில் திரும்பப் பெறுவது நீண்ட அலைச்சல்.

ஆர்சியில் கடன் பதிவு இருக்கிறதா, அபராதம் பாக்கி உண்டா என்று பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 கையெழுத்தோடு, கடன் முடிந்த வண்டி என்றால் 35-உம் வாங்க வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி பழைய உரிமையாளருக்குச் சொந்தம், வண்டியோடு வராது.

எரிபொருள் விஷயமும் உண்டு. பங்க்குகளில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் கையேட்டிலோ டேங்க் மூடியிலோ எவ்வளவு எத்தனால் வரை அனுமதி என்று பாருங்கள்.

8. என் தேர்வு

பின்சீட்டில் அடிக்கடி மூன்று பெரியவர்கள், நகரத்துக்குள் அதிக ஓட்டம், பராமரிப்புக்குத் தனித் தொகை என்று மூன்றும் இருந்தால், சர்வீஸ் வரலாறு முழுசாக உள்ள கேம்ரி ஹைப்ரிட். நான்கு பேர் குடும்பம், நெரிசலும் நெடுஞ்சாலையும் கலந்த ஓட்டம் என்றால் விர்டஸ் அல்லது ஸ்லாவியா 1.0 டார்க் கன்வெர்ட்டர். 1.5-க்குக் கொடுக்கும் கூடுதல் பணம் நெடுஞ்சாலையே வாழ்க்கையாக உள்ளவருக்கு மட்டும் நியாயம். பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணத்தோடு, வேகம் முக்கியமில்லை என்பவருக்குச் சிட்டி.

புது வண்டி என்றால் டெலிவரிக்கு முந்தைய நாள் பகல் வெளிச்சத்தில், வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்கே போய்ப் பாருங்கள். தயாரித்த மாதம், வருடத்தை ஆவணத்தில் சரிபாருங்கள். ஆண்டு இறுதியில் தரும் தள்ளுபடி பெரும்பாலும் கிடங்கில் நின்ற வண்டிக்குத்தான். ஜனவரியில் பதிவு செய்தாலும் விற்கும்போது முந்தைய வருட மாடலாகவே விலை பேசுவார்கள். தள்ளுபடி அந்த வித்தியாசத்தை ஈடு செய்தால் எடுங்கள், இல்லையென்றால் புதிய மாதத் தயாரிப்பு வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லுங்கள். பதிவுக்குப் பணம் கட்டும் முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.